ஷார்ஜா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

சபியா வீட்டில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் முழு ஒயரோடு தப்பியதில்லை. கணவன் ஷாநவாஸ் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவரும் கெட்டில், அயர்ன்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் மூன்று தடித்த சதுரக் கால்கள். மதுரைச் சுவரிலோ உருண்டைத் துளை. கட்டிங் பிளேயரால் ஒரே நறுக்கு. உருண்டைக் கால் பிளக்கைத் தானே முடுக்கிவிடுவாள். நெல்பேட்டைத் தெருவில் துபாய், மலேசியா போய்வந்தவர்களின் சாமான்களும் அவளிடம்தான் வரும்.

வெட்டிய பிளக்கைத் தூக்கிப்போட மனசு வராது. நெம்பிப் பார்ப்பாள். ஷார்ஜா பிளக்குக்குள் குட்டியாக ஒரு ஃப்யூஸ் இருக்கும். நம்மூர் பிளக்கில் கிடையாது. அங்கே யாரை நம்பாமல் இப்படிச் செய்கிறார்கள்? இரண்டு ஊரிலும் எர்த் கால் மட்டும் ஏன் நீளம்? அதுதான் முதலில் உள்ளே போய்க் காவல் நிற்கிறது என்று புரிந்த அன்று, கண்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் தீர்த்தாள்.

ஒருமுறை பக்கத்து வீட்டு ஆயிஷா சித்திகா அமெரிக்காவில் வாங்கிய ஹேர் டிரையரைக் கொடுத்தாள். இரண்டு தட்டைத் தகடு. வழக்கம்போல வெட்டி மாட்டியதும் குப்பென்று புகை. 120 வோல்ட் என்று அதன் அடியிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது; அந்த ஊர்க் கரண்டுக்கு நம்மூர் வேகத்தில் பாதிதான். அதற்குப் பிறகு எதையும் கவிழ்த்துப் படிக்காமல் அவள் தொடுவதில்லை.

அவளுக்கு ஒரே ஆசை: மனுஷன் ஊரோடு வந்துவிட வேண்டும். ஒவ்வொரு லீவிலும் கேட்பாள். 'அடுத்த தடவ பாப்போம்' என்று நழுவிவிடுவான். இந்த முறை அவள் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்திருந்தது.

பெட்டியைப் பிரித்தபோது, துணிகளுக்கு அடியில் ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சதுரத் துளைகள், ஒவ்வொன்றின் கீழும் மார்க்கரில் ஒரு பெயர்.

“ஓட்டைக்கு ஒரு சுவிட்சு! பரவால்லயே! ரூம்ல சார்ஜர் போட நீங்க அடிச்சுக்கிட்ட பாக்ஸுதான மச்சான் இது?” என்றவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதத் தூக்கிட்டு வந்துட்டா, மத்தவுக எதுல சார்ஜ் போடுவாக?”

ஷாநவாஸ் தலையைக் குனிந்துகொண்டான். “ரூம்ல யாருமில்ல சபியா. கம்பெனிய மூடிட்டாய்ங்க. இம்புட்டு வருசம் இருந்துட்டு வேலையில்லாம வந்து நிக்கிறேன்னு எப்புடிச் சொல்றது?”

அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. அவன் முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. எதைக் காட்டுவதென்று தெரியாமல் கட்டிங் பிளேயரை எடுத்தாள்.

“ஏய், வெட்டிராத. ஒருவேள திரும்பக் கூப்புட்டாய்ங்கன்னா...”

நறுக்கென்று வெட்டினாள்.

“கூப்புட்டா என்ட்ட கேக்கச் சொல்லுங்க” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “போயி உருண்டைக் கால் பிளக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

ஷாநவாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.