பதினேழாம் எலியின் இதயம்

சுண்டெலியின் இதயம் ஒரு பச்சைப் பட்டாணி அளவுதான் இருக்கும். அது துடிப்பதை முதன்முதலாகத் திரையில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதற்குமுன் ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் ஓட்டை பார்த்தவள் நான். ஈப்போவில் இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்த பிறகுதான் திங்கட்கிழமை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

இதயம் பலவீனமான எலிகளுக்கு இங்கே ஒரு புது மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் மயக்கி, சூடான தட்டில் மல்லாத்தி, நெஞ்சு முடியைக் கிரீம் போட்டு எடுத்து, ஜெல் தடவி ஸ்கேன் செய்வது என் வேலை. கத்தியே படாது. சற்று நேரத்தில் எழுந்து தீனி தின்னப் போய்விடும். அதில் பதினேழாம் எண் என் செல்லம். மற்றவை மந்தமாகக் கிடக்க, அதன் இதயச் சுவர் மட்டும் ஆறு வாரமாகத் தேறிக்கொண்டே வந்தது.

அந்தத் திங்கட்கிழமை முதல் ஆளாக அதைத்தான் படுக்க வைத்தேன். திரையில் இதயத்தின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு கறுப்புப் பட்டை. உள்ளே எதுவும் தெரியவில்லை.

ஆய்வை நடத்தும் டாக்டர் என்னைவிட இளையவர். எட்டிப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"நெஞ்சுல ஏதோ கெட்டியா கட்டியிருக்கு போல. அதான் நிழல் விழுது. இனிமே இத அளக்க முடியாது அக்கா. இன்னிக்கே முடிச்சிட்டு, தொறந்து பாத்துரலாம்."

கூண்டு அட்டையில் முடிவு என்று போட்டிருக்கும் கட்டத்தில், சிவப்பு மையால் அன்றைய தேதியை எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் ஓடாது, கைதான் ஓடும். தட்டின் திருகைப் பிடித்து எலியை ஓரமாக நகர்த்தினேன்.

இதயம் திரையில் நகர்ந்தது. பட்டை நகரவில்லை.

இன்னும் திருகினேன். பட்டைக்குள் மறைந்திருந்த சுவர் வெளியே வந்து துள்ளியது. கட்டி எலிக்குள் இருந்தால் எலியோடுதானே போகவேண்டும்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"டாக்டர், எலி மேல தப்பு இல்ல லா. கோளாறு நம்ம பக்கம்தான் இருக்கு."

நெஞ்சின்மேல் பிடித்திருந்த ஸ்கேன் கைப்பிடியை, புரோப்பை, தூக்கி, ஜெல்லை வழித்து, விளக்கைப் போட்டேன். புரோப்பின் வெளிர்மஞ்சள் முகத்தின் நடுவில், அதே நிறத்தில், காய்ந்த சந்தனம்.

போன வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. டாக்டர் கிளம்பிய பிறகு, கூண்டு கழுவும் ஹுத்தான் மெலிந்தாங் ஊர்க்கார அண்ணனும் நானும் மெஷினுக்குச் சாமி கும்பிட்டோம். அவர் திரையின் ஓரத்தில் பொட்டு வைத்தார். "புரோப்தான் லா வேல செய்யுது, அதுக்கு வைக்காம விட்டா எப்படிண்ணே?" என்று கேட்டது நான். வைத்ததும் நான்.

இப்போது அண்ணன் வாசலில் கூண்டு வண்டியோடு நின்று என்னையே பார்த்தார். அழுக்கு என்று சொல்லித் துடைத்திருக்கலாம். ஆனால் எலியின் தலைக்கு வந்தது என் கையால் வந்தது.

"நான்தான் டாக்டர் வச்சேன். ஆயுத பூஜைக்கு."

டாக்டர் புரோப்பை என் கையிலிருந்து வாங்கினார். மெல்லிய ஈரத்துணியால் தானே துடைத்தார். நான் புது ஜெல் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு புரோப்பை வைத்தேன். பளிச்சென்று படம் வந்தது. சுவர் முழுக்கத் துடித்தது, போன வாரத்தைவிடப் பலமாக. அளவு எடுத்து எழுதினேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"அடுத்த வருசம் பொட்ட மெஷின் ஸ்டாண்டுக்கு வச்சிக்குவோம் தங்கச்சி," என்றார் அண்ணன் வாசலிலிருந்து.

டாக்டர் சிரிக்கவில்லை. கூண்டு அட்டையை எடுத்து, சிவப்புத் தேதியை இரண்டு முறை கோடு போட்டு அடித்தார். எலி தள்ளாடி எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"தொறந்திருந்தா, உள்ள ஒண்ணுமே இருந்திருக்காது அக்கா," என்றார்.