விரிப்பின் மறுமுனை

ஒருவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால், அவர் தனிமையைத்தான் விரும்புகிறார் என்று உங்களுக்கு யார் சொன்னது? அவர் சொன்னாரா, கதவு சொன்னதா?

பெரும்பாலும் கதவுதான் சொல்லியிருக்கும். நாமும் அதன் பேச்சை நம்பி, குதிகாலைத் தூக்கி நடந்து, அதை நாகரிகம் என்று மெச்சிக்கொள்கிறோம். அந்த நாகரிகத்தால் ஒரு பெண் என்ன இழந்தாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவளை எல்லாரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் துணி மடிப்பது அவள் வேலை. பஸ் டிக்கெட்டைக் கொடுத்தால்கூட நான்காக மடித்துத்தான் பைக்குள் வைப்பாள். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளைத் தனி ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஓர் உதறு உதறி இழுக்க வேண்டும். பிறகு நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலைகளைக் கையில் ஒப்படைக்க வேண்டும். எதிரே நிற்பவளுக்கு அந்தக் கூடத்தில் எதிர்க்கை என்று பெயர். நல்ல எதிர்க்கை அமைந்துவிட்டால் வாயைத் திறக்காமலே வேலை நடக்கும். மடிப்பக்காவுக்கு அமைந்தவளோ வாயை மூடாதவள். பேச்சும் மடிப்புமாகத்தான் அவர்களுடைய பொழுது போகும்.

பேச்செல்லாம் அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் பேச ஆள் இல்லை. சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவர், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே நாற்காலியில் செத்துப்போனார். அவர் இருமினால் பக்கத்துத் தெரு நாய் எழுந்து உட்காரும் என்று கேலி செய்வார்கள். அவ்வளவு சத்தமான மனிதர். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். விடுமுறை நாளில் போன் செய்வாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டாயா, போட்டேன். அதற்கு மேல் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு முனையில் வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளைக் குடும்பங்களில் தங்க வைக்கும் அலுவலகம் ஒன்று இருப்பதைச் சொன்னது எதிர்க்கைதான். மகளுடைய அறை சும்மாதானே கிடக்கிறது என்றாள். காசு ஆசையில் வாடகைக்கு விட்டதாக ஊர் பேசும் என்று மடிப்பக்கா தயங்கினாள்.

"காசுக்கு யார் சொன்னா? காதுக்குத்தான் சொல்றேன். வீட்ல ஒரு குரல் கேக்கட்டும்க்கா."

அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளராக இருந்த அம்மையார் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். இவள் உண்மையைச் சொன்னாள். இரண்டு பேராவது இருந்தால்தான் குடும்பம் என்பது அவர்கள் விதி. ஆனால் அந்த வருடம் வீடுகளுக்குத் தட்டுப்பாடு. "மக அப்பப்ப வந்து போவாங்க இல்ல? அப்ப குடும்பம்தான்" என்று கண்ணாடியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். தேவைப்படும்போது விதி எப்படி வளைகிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது விறைத்துக்கொண்டு நிற்கும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. பிள்ளைகளின் அறைக்குள் நுழையாதீர்கள், சாத்திய கதவைத் தட்டாதீர்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள், அவர்கள் தனியாகச் சாப்பிட விரும்பினால் விட்டுவிடுங்கள் என்றார் கண்ணாடியம்மா. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மேடையில் நின்று ஒருவர் சொல்லிவிட்டால் அது வேதவாக்கு. மடிப்பக்காவும் தலையாட்டினாள். மேற்பார்வையாளர் சொன்ன அளவுக்கே துணியை மடித்துப் பழகிய கை அது. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

மடிப்பக்கா வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய பெட்டி. ஒரு வருடம் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து, பேச்சையும் பழக்கத்தையும் கற்றுக்கொள்ளக் கடல் தாண்டி வந்தவள். வந்த அன்று நிமிர்ந்து பார்த்து, "ஆன்ட்டி, வணக்கம்" என்றாள். மடிப்பக்கா அறையைக் காட்டினாள். மகளுடைய பழைய மேசை, புதிதாகத் தைத்த திரை, ஒரு சுருக்கமும் இல்லாத வெள்ளை விரிப்பு. பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பயணக் களைப்பாக இருக்கும் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் கதவு சாத்தியிருந்தது.

அன்றிலிருந்து மடிப்பக்கா சொந்த வீட்டிலேயே திருடி மாதிரி நடந்தாள். படிக்கிற பிள்ளைக்குத் தொந்தரவு என்று தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு போடுவதையே விட்டாள். குழாயைத் திறந்தால் பாத்திரத்தில் சத்தம் வரும் என்று அடியில் ஒரு துணியைப் போட்டாள். மாலையில் சமைத்து, மேசையில் ஒரே ஒரு தட்டை வைத்து மூடிவிட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். தான் எதிரில் உட்கார்ந்தால் பிள்ளை கூச்சப்படுமே. சற்று நேரத்தில் அந்தக் கதவு திறக்கும், நாற்காலி மெல்ல நகரும், கரண்டி ஒரு தடவை தட்டில் படும். கட்டிலில் உட்கார்ந்து, தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மடிப்பக்கா அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் கேட்ட குரல் அவ்வளவுதான். பிறகு குழாய்ச் சத்தம். தட்டு கழுவித் துடைத்துக் கவிழ்க்கப்பட்டிருக்கும். கதவு மறுபடி சாத்திக்கொள்ளும்.

சலவைக் கூடத்தில் எதிர்க்கை விடாமல் நச்சரித்தாள். பேசினாளா, என்ன பேசினாள், அவள் ஊரில் அம்மா இருக்கிறாளா, தம்பி தங்கை உண்டா? எதுவும் மடிப்பக்காவுக்குத் தெரியாது. துருவக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்றாள்.

"அடி போக்கா. பொண்ணு வளக்கறியா, மீன் தொட்டி வெச்சிருக்கியா? மீனுக்குக்கூட ரெண்டு தட்டு கண்ணாடியத் தட்டிப் பாப்பாங்க."

மடிப்பக்கா சிரித்துவிட்டு விரிப்பை உதறினாள். அன்று மாலை அந்தக் கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கவும் செய்தாள். கதவுக்கு அடியில் விளக்கு வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. கை உயர்ந்தது. கண்ணாடியம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கை இறங்கிவிட்டது. அடுப்பில் வைத்த டீ இரண்டு பேருக்கானது. மீதியை ஆறவிட்டு மறுநாள் கொட்டினாள்.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு நாள் வேலைக்கு நடுவில் கண்ணாடியம்மா போன் செய்தார். அந்தப் பெண் வேறு வீடு கேட்டிருக்கிறாளாம். ஏற்பாடு முடிந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்து அழைத்துப் போகுமாம். மடிப்பக்கா காரணம் கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு என்னப் பிடிக்கலைன்னு அழுதாம்மா அந்தப் பொண்ணு. நீங்க கொஞ்சம் அன்பா இருந்திருக்கலாம்."

போனை வைத்துவிட்டு அவள் மறுபடி மடிக்கப் போனாள். அன்றைக்கு விரிப்புகளின் மூலைகள் சேரவில்லை. எதிர்க்கை ஒன்றும் கேட்காமல் பிரித்துப் பிரித்துத் திரும்ப மடித்தாள். வாயை மூடாதவள் மூடிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

சனிக்கிழமை வந்தது. வேறு வீட்டுக்குப் போகிறவளுக்குத் துவைத்த விரிப்பு எதற்கு? ஆனாலும் மடிப்பக்கா அந்த அறையின் விரிப்பு மாற்றும் நாளை மாற்றவில்லை. பெண் தன் அறை வாசலில் வைத்திருந்த விரிப்பையும் அழுக்குத் துணிகளையும் எடுத்துத் துவைத்து, மொட்டை மாடிக் கொடியில் போட்டாள். வெயில் தாழ்ந்ததும் எடுக்கப் போனாள். நல்ல காற்று. தனியாக மடிக்கும்போது ஒரு முனையை மோவாய்க்கும் மார்புக்கும் நடுவில் கவ்விக்கொள்வாள். காற்று அதைப் பிடுங்கித் தலையில் முக்காடாகப் போட்டது. துணிக்குள் சிக்கிக் கைகளை வீசிக்கொண்டிருந்தபோது மறுமுனை தானாக விறைத்தது. விலக்கிப் பார்த்தாள். பெட்டியில் வைக்கத் தன் துணிகளை எடுக்க வந்த பெண், இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உதறினார்கள். நீளவாக்கில் மடித்தார்கள். அடுத்தது நடந்து வந்து மூலையைக் கொடுக்க வேண்டும். பெண்ணுக்கு அது தெரியாது. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வாம்மா" என்றாள் மடிப்பக்கா. "கிட்ட வரணும். அப்பதான் மடியும்."

பெண் வந்தாள். மூலைகள் கை மாறின. இரண்டு பேரும் அந்தத் துணியை விடவில்லை.

"எங்கிட்ட என்ன கோவம் ஆன்ட்டி?" என்று கேட்டாள் பெண். வார்த்தை வார்த்தையாக, மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தது போல வந்தது கேள்வி.

"எனக்கா? உம்மேலயா?"

"நான் வந்த புதுசுல டிவி போடுவீங்க. அப்புறம் போடறதே இல்ல. ஒரே ஒரு தட்டு வெப்பீங்க. நான் வெளிய வந்தா நீங்க உள்ள போயிடுவீங்க. உங்க வீட்டையே நான் கெடுத்துட்டேன்னு நெனச்சேன்."

"நீ படிக்கிற பிள்ளைன்னுதானே போடல? தனியா சாப்பிடத்தான் உனக்குப் பிடிக்கும்னு சொன்னாங்க. கதவத் தட்டக் கூடாதுன்னாங்க."

"யாரு?"

"கண்ணாடி போட்டிருப்பாங்களே, அந்தம்மா."

பெண் அவளையே பார்த்தாள். மாணவிகளுக்குத் தனியாக ஒரு வகுப்பு நடந்ததாம். வீட்டுக்காரர்கள் கூப்பிடாமல் கூடத்துக்குப் போகாதே, அவர்கள் உட்காராத மேசையில் நீயாக அவர்களை உட்காரச் சொல்லாதே, அறைக் கதவைச் சாத்தியே வை, அதுதான் மரியாதை என்று சொல்லிக் கொடுத்தாராம். அதே வாய், அதே கண்ணாடி. இரண்டு பக்கமும் சுவரை எழுப்பிவிட்டு, நடுவில் அன்பு முளைக்கவில்லையே என்று அந்த அலுவலகம் வருத்தப்பட்டிருக்கிறது.

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்து பாதியில் நின்றது.

அன்று மேசையில் இரண்டு தட்டு. தொலைக்காட்சியும் ஓடியது, யாரும் பார்க்கவில்லை. பெண்ணுக்கு ஊரில் அம்மா இல்லை, அப்பாவும் தம்பியும்தான் என்பது மடிப்பக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சுவரில் தொங்கும் படத்தில் சிரிப்பவர் இறந்துவிட்டார் என்பது பெண்ணுக்கும் அப்போதுதான் தெரிந்தது. பேச்சுக்கு நடுவில் பெண் போனை எடுத்துக் கண்ணாடியம்மாவைக் கூப்பிட்டாள். தப்பு நடந்துவிட்டது, நான் இங்கேயே இருக்கிறேன் என்று கெஞ்சினாள். பிறகு மடிப்பக்காவும் வாங்கிப் பேசினாள்.

"ஒரு தடவ மாத்தினா மாத்தினதுதாம்மா. அங்க அவங்க ரெடியா இருக்காங்க. அதோட உங்க வீட்ட இனிமே சேக்க முடியாது. தனியா இருக்கறவங்க வீடு குடும்பமா வராது."

"போன வருசம் வந்துச்சே?" என்றாள் மடிப்பக்கா.

கண்ணாடியம்மா போனை வைத்துவிட்டார்.

அவள் கேட்டதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. வீடு கிடைக்காதபோது குடும்பமாக இருந்தவள், கிடைத்ததும் ஏன் குடும்பம் இல்லாமல் போனாள்? கணவன் செத்தது அவள் செய்த குற்றமா? நான்கு பேர் இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத வீடு குடும்பம். மீதி டீயைக் கொட்ட மனமில்லாமல் ஆறவிட்டவளின் வீடு குடும்பம் இல்லை. தலையை எண்ணத் தெரிந்தவர்கள் வகுத்த கணக்கு இது. ஒரு குழந்தை கேள்வி கேட்டால் உடைந்துவிடும். அதனால்தான் கேள்விக்கு இடம் தராமல் விதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. பெண் பெட்டியோடு ஏறினாள். புது வீடு நகரத்தின் அந்தக் கோடியில். ஒரு தடவை வந்து மாடியில் விரிப்பு மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்து பரீட்சை வந்தது, அதற்கடுத்து விமானம். இப்போது போனில் பேசுவாள். புது வீட்டில் நிறையப் பேர், நல்லவர்கள், எல்லாரும் அவரவர் அறையில் இருப்பார்கள் என்று ஒருமுறை சொன்னாளாம். மடிப்பக்காவுக்கு அவள் குரல் கேட்பது சந்தோஷம்தான். ஆனால் போனில் விரிப்பு மடிக்க முடியாது.

அந்த அறைக் கதவை அவள் இப்போது சாத்துவதே இல்லை. உள்ளே கட்டிலில் வெள்ளை விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடக்கிறது. யாரும் படுக்காத அதை வாரம் தவறாமல் எடுத்துத் துவைக்கிறாள். மாடியில் காற்றோடு மல்லுக்கட்டி, மோவாயில் கவ்வி, தானே மடிக்கிறாள். ஏன் இந்த வேண்டாத வேலை என்று எதிர்க்கை கேட்டதற்கு, "அழுக்காகுதே" என்று மட்டும் சொன்னாள்.

உங்கள் ஊரிலும் இப்படியொரு அலுவலகம் இருக்கும். போய் நின்று, தனியாக வாழும் பெண்ணின் வீட்டை வீடாக எண்ணுவீர்களா, மாட்டீர்களா என்று கேளுங்கள். விதி என்று சொன்னால் யார் போட்ட விதி என்று கேளுங்கள். கண்ணாடியை இறக்கிப் பார்த்தால் பயந்து திரும்பிவிடாதீர்கள். ஆனால் அதற்கு நாளைவரை பொறுக்கலாம். இதை மூடி வைத்துவிட்டு இப்போதே எழுந்து போங்கள். உங்கள் வீட்டில் சாத்தியிருக்கும் அந்தக் கதவைத் தட்டுங்கள்.