கலையின் கிளவுஸுக்கு அடித்த யோகம்

காயாத ரப்பர் கிளவுஸுக்குள் கையை விட்டிருக்கிறீர்களா? உள்ளே சொதசொதவென்று நேற்றைய வேர்வையும் சுண்ணாம்பும்... முதலில் ஜில்லென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் விரல் இடுக்கெல்லாம் எரிய ஆரம்பிக்கும்.

ஆம்பூர்ப் பக்கம், தோல் ஃபேக்டரிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற ஒரு பிளான்ட்டில் நானும் கலைச்செல்வியும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு பேரும் கெமிஸ்ட்ரி. அவள் ஒடுகத்தூர், நான் சத்துவாச்சாரி.

லேப் வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆனால் பாதி நேரம் சேறு பிழிகிற ஷெட்டில்தான் நிற்போம். சுண்ணாம்பு போட்டதும் தோல் பதனிடப் போட்டு தண்ணீரில் கலந்த குரோம் பச்சைச் சேறாக அடியில் தங்கும். உடம்புக்குள் போனால் ஆகாது. அதைப் பிழிந்து, மூட்டை கட்டி, பின்பக்கம் அடுக்கி, மேலே ஒரு நீலத் தார்ப்பாய் போடுவார்கள். மழை வந்தால் அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கிழிகிற வரைக்கும் ஒரே ஜோடி கிளவுஸ்தான். சாயங்காலம் கழுவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, பைப் மேல் காயப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிப்போம்.

அப்போதுதான் கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு அணு நிலையத்தில் ஆள் எடுப்பதாகத் தெரிந்து, இரண்டு பேரும் பரீட்சை எழுதினோம். அவளுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தாள்... அந்த மைசூர்பாகை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

பொங்கல் லீவுக்கு வந்தவளிடம் கேட்டேன். "அப்படி இன்னாதான்டி வேலை அங்க?"

"பழைய கட்டடம்டி. எப்பவோ மூடிட்டாங்க. பைப்பு, தொட்டி எல்லாத்துலயும் கதிர்வீச்சு ஒட்டிக்கினு இருக்கு. ஒவ்வொண்ணா கழட்டி எடுக்கிறோம். தொட்டிக்கு அடியில சேறு கெடக்கும். அதை சிமெண்ட்டோட கலந்து, டிரம்ல ஊத்தி இறுக வெச்சிருவோம்."

அடடா, அவளுக்கும் சேறுதானா! எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"கிளவுஸ் எத்தினி நாளைக்கு வருது?"

சிரித்தாள். "நாளா? ஒரு வாட்டி உள்ள போய்ட்டு வந்தா அவ்ளோதான்டி. அதுவும் கழிவுதான். தனிப் பையில போட்டு, மெஷின்ல நசுக்கி, அதையும் டிரம்ல அடைச்சிருவாங்க. அந்த டிரம்முக்குக் காவல் வேற."

எப்படி இருக்கும் எனக்கு? அவள் கழற்றிப் போட்ட கிளவுஸுக்குக் காவல். என்னுடையது பைப் மேல் தொங்குகிறது. மனுஷி மேல் பொறாமைப்பட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். ரப்பர் மேல் பொறாமைப்பட்டவள் வேலூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்தடுத்து கல்யாணம் ஆனது. இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் உண்டானோம்.

ஒரு நாள் கலை எங்கள் லேப் ஃபோனில் கூப்பிட்டு அழுதாள். "காலையில ஆபீசர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன்டி. மத்தியானமே என்னை அந்தக் கட்டடத்துலேர்ந்து வெளிய அனுப்பிட்டாங்க. இத்தினி நாள் கழட்டினது நானு... கடைசித் தொட்டியைத் திறக்கும்போது இருக்கக் கூடாதாம்."

"கொழந்தைக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. சட்டையில மாட்டியிருக்கிற பேட்ஜைப் பாத்து, இதுவரைக்கும் எவ்ளோ கதிர்வீச்சு பட்டுச்சுன்னு சொல்லிட்டாங்க. ரொம்பக் கம்மியாம். பயப்படாதேன்னாங்க."

இதற்கா அழுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் நானும் எங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தேன்.

"அதுக்கு இன்னா இப்போ?" என்றார் அவர். "எங்க வூட்லயும்தான் நாலு பெத்தாங்க. கனமா எதுவும் தூக்காதே. போம்மா, பிழியிற பிரஸ்ஸுல சேறு நிக்குது பாரு."

எட்டாவது மாசம் வரைக்கும் அந்த ஷெட்டில்தான் நின்றேன்.

ஜெனி நல்லபடியாகத்தான் பிறந்தாள். கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு. ஆனாலும் அவள் இருமினால் எனக்குப் பச்சைச் சேறுதான் ஞாபகம் வரும். தோலில் சின்னதாகத் தடித்தாலும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவேன். "கொழந்தை நல்லாத்தாம்மா இருக்கு, நீதான் பேஜார் பண்றே" என்பார் அவர். கலையின் பையனுக்குக் காய்ச்சல் என்றால் வெறும் காய்ச்சல். என் மகளுக்கு வந்தது ஒரு நாளும் எனக்கு வெறும் காய்ச்சலாக இருந்ததில்லை.

கலையின் சம்பளம், குவார்ட்டர்ஸ் மேலெல்லாம் இருந்த பொறாமை காலப்போக்கில் தேய்ந்துவிட்டது. உடம்புக்குள்ளே என்ன போனது என்று அவளுக்குச் சொல்ல ஆள் இருந்ததே... அது மட்டும் தேயவில்லை.

இப்போது எங்கள் பிளான்ட்டிலும் எவ்வளவோ மாறிவிட்டது. கிளவுஸ் பெட்டி பெட்டியாக வருகிறது. புது ஷெட், சிமெண்ட் தரை. பழைய மூட்டைகள் மட்டும் பின்பக்கம் அங்கேயே கிடக்கின்றன. கலை அவளுடைய கட்டடம் இருந்த இடத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். எல்லாம் எடுத்தாகிவிட்டதாம், வெறும் மண் தரை. அந்த வெறும் தரையைப் பெரிதுபண்ணிப் பெரிதுபண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாசம் ஜெனிக்கும் கலை மாதிரியே ஒரு அணு நிலையத்தில் டிரெயினிங் கிடைத்தது. முதல் நாளே ஃபோன் பண்ணினாள்.

"அம்மா, உள்ள விடறதுக்கு முன்னாடியே ஒரு மெஷின்ல ஒக்கார வெச்சு, என் ஒடம்புக்குள்ள இன்னா இருக்குன்னு பாத்தாங்க. ஒண்ணும் இல்லியாம். கிளீன்னு சொல்லிட்டாங்க."

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். அந்த மெஷினுக்குக் கதிர்வீச்சு மட்டும்தான் தெரியும், குரோமை அது கண்டுபிடிக்காது என்று எனக்குத் தெரியாதா?

ஆனாலும் கேட்டேன்.

"இன்னொரு வாட்டி சொல்லுடி..."