அம்மாவின் சுருட்டை முடியும் மூன்று காலைப் பொழுதுகளும்

ஊறிய வெந்தயத்தின் கசப்பு வாசனை... அதோடு கசக்கிய செம்பருத்தி இலையின் பச்சை வாசனை. எண்பத்தெட்டு வயதில் நான் சொல்லச் சொல்ல, என் பேத்தி இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. அலங்காநல்லூர் பக்கம் விவசாயக் குடும்பம். அம்மா விஷக் காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துக் கிடந்து பிழைத்து எழுந்தாள். ஆனால் இடுப்பு வரை இருந்த சுருட்டை முடி, சிக்குப் பிடித்து ஒரே உருண்டையாகிவிட்டது.

வெட்டிவிடச் சொன்னார்கள் எல்லாரும். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"வெட்ட வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்றார் அப்பா.

அப்பாவுக்கு எண்ணெய் வடிகிற தலை. அரப்புத் தூள் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். அதையே அம்மாவுக்கும் தேய்த்தார்... காய்ந்ததும் வைக்கோல் மாதிரி முறுக்கிக்கொண்டது. சீப்பில் இரண்டு பல் போயிற்று.

"போதும். ராக்காயியக் கத்தரியோட வரச் சொல்லுங்க" என்று அம்மா அழுதாள்.

ராக்காயி எங்கள் ஊர் மருத்துவச்சி. நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவளும் அவள்தான். வந்தவள் முடியைத் தொட்டதும் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இதுல அரப்பப் போட்டது யாரு?"

அப்பா தலையைச் சொறிந்தார்.

"ஒங்க தலைக்கு அது சரிங்கய்யா, பிசுக்க எடுக்கும். இது சுருட்டை. ஏற்கெனவே வறண்டு கெடக்கு. இதுக்கு வழுவழுன்னு ஏதாச்சும் வேணும்."

செம்பருத்தி இலையையும் ஊறிய வெந்தயத்தையும் அரைத்து, ஆறிய சோற்றுக் கஞ்சியில் கரைத்து, துணியில் வடிகட்டச் சொன்னாள்.

"எம்புட்டு வேணும்?" என்றார் அப்பா.

"தலை ஊற ஊற வேணும். சீப்பு ஆகாது, வெரல்தான். நுனியில இருந்து மேல போங்க. மூணு நாளாகும்."

மூன்று நாளும் காலையில் அப்பா வயலுக்குப் போகவில்லை. கொல்லையில் அம்மாவை மணையில் உட்கார வைத்து, பின்னால் குந்திக்கொண்டு, பேசிக்கொண்டே ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். கிண்ணம் ஏந்துவது என் வேலை.

பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, பொண்டாட்டிக்குத் தலை சீவுறியா?"

"ஆமா மாமா. நீங்களும் அத்தைக்கு ஒருநா சீவிப் பாருங்க."

அம்மா சிரித்தாள். தோள் குலுங்கியதில் பிடித்திருந்த இழை நழுவி, அப்பா அதை மறுபடி நுனியிலிருந்து பிரிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் கடைசிச் சிக்கும் விட்டது. ஒரு கைப்பிடி முடி போயிருக்கும், அவ்வளவுதான். அம்மா முடி முழுவதையும் முன்னால் போட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு, "பசிக்குது" என்றாள். காய்ச்சல் வந்ததிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தை வரவே இல்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பக்குவம். அப்பாவுக்கு அரப்பு. அம்மாவுக்கு அந்தச் செம்பருத்திக் கூழ். எனக்கு மெல்லிய பூனை முடி... கூழ் போட்டால் படிந்துவிடும் என்று வெறும் கஞ்சித் தண்ணி.

இப்போது பேத்தியின் குளியலறையில் நாலு பாட்டில் கண்டிஷனர். சுருட்டைக்கு ஒன்று, வறண்டதுக்கு ஒன்று. நல்ல வாசனை, ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. மிச்சமிருக்கிற என் நாலு முடிக்கு நானும் அதைத்தான் போடுகிறேன்.

அம்மாவுக்கு முழுதாக மூன்று காலைப் பொழுது தேவைப்பட்டது... அப்பாவும் அம்மாவும் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்து நான் பார்த்தது அந்த மூன்று நாள்தான்.