அறுவடை மிஷின் வேண்டுமா, வேண்டாமா?

மன்னார்குடிப் பள்ளியில் இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வயலில் அறுவடை மிஷின் இரைந்தது. டீசல் வாடையும் வைக்கோல் தூசியும் ஜன்னல் வழியே வந்தன. எனக்கு நிலைகொள்ளவில்லை.

நான் எட்டாவது படித்தபோது, இந்த மிஷின் நம்மூருக்கு வேண்டுமா, வேண்டாமா என்று அறிவியல் டீச்சர் எங்களைப் பேசவிட்டார். என் அம்மா கதிர் அறுக்கப் போகிறவள். அவள் வேலை போய்விடுமே என்ற பயத்தில், வேண்டாம் என்று பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா வெடுக்கென்று கேட்டாள்: "யாரைக் கேட்டுடி பேசின? காலம் பூரா நான் குனிஞ்சே கிடக்கணுமா?"

"அப்ப மிஷின் வரட்டுமாம்மா?"

"வந்தா சோத்துக்கு என்னடி பண்றது?" என்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாடத்தை நிறுத்தி இதை வகுப்பில் சொல்லி முடித்ததும், "நீங்க எந்தப் பக்கம் டீச்சர்?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

"இன்னும் தெரியலம்மா" என்றேன்.