வெள்ளிக்கிழமை முள்ளங்கிக் கேக்

மூங்கில் தட்டின் மூடியைத் தூக்கியதும் முகத்தில் அடித்த ஆவியில் மா அவியும் வாசம் மட்டுமே இருந்தது. உள்ளே இருந்த மூன்று வெள்ளை உருண்டைகளும் அப்போதுதான் இறக்கிய மோதகம்போல ஈரமாய் மினுங்கின. அம்மா அவற்றைப் பார்த்துச் சிரித்தார். கனடாவுக்கு வந்த ஆறு கிழமைகளில், தெரிந்த முகம் ஒன்றைத் தெருவில் கண்டவர்போல அவர் சிரித்தது அன்றுதான்.

அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் மூலையிலிருந்த சீனச் சாப்பாட்டுக்கடை அது. எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் அக்கா மலர் மாமி தன் வீட்டு பேஸ்மென்டில் எங்களை இருத்தியிருந்தார். எங்களுக்கு இந்த ஊரைக் காட்டுவது தன் கடமை என்று, வேலைத்தலத்துச் சிநேகிதிகள் இருவரோடு அம்மாவையும் என்னையும் அன்று கூட்டிப்போனார். தள்ளுவண்டிகளில் தட்டுத் தட்டாய் ஏதேதோ வந்தன. நகத்தோடு கிடந்த கோழிக்கால்களைக் கண்டு நான் கதிரையில் பின்னுக்குப் போனேன். மாமி இரண்டு குச்சிகளால் ஒன்றைத் தூக்கி என் முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டுத் தின்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் அகதி வழக்கு வெல்லவேண்டும் என்று நேர்ந்து, அம்மா வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று எந்த "மச்சமும்" தொடாமல் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார். மாமிக்கு அது தெரியும். தெரியாதவர் யாரும் அந்த மேசையில் இல்லை.

"மச்சாள், உதுக்குள்ளை மச்சம் கிடக்கோ?" என்று அம்மா கேட்டார்.

"சீ, உது மரக்கறிதான். பயப்பிடாமல் சாப்பிடும், யோகம்."

அம்மா ஒன்றைப் பிய்த்துத் தின்றார். உள்ளே சிவப்பாய், பாகுபோல ஏதோ இருந்தது. "நல்லா இனிக்குது, சக்கரை போட்டிருக்கிறாங்கள்" என்று எனக்கும் ஒரு துண்டு தந்தார். இனித்ததுதான் அவருக்குச் சாட்சி. எங்கள் சமையலில் இறைச்சி உறைக்கும், புளிக்கும், கரிக்கும், ஒருநாளும் இனிக்காது. இனிக்கிற ஒன்று இறைச்சியாக இருக்கலாம் என்று நினைக்க எங்கள் நாக்கை யாரும் பழக்கியிருக்கவில்லை. இரண்டாவதையும் அவர் தின்று முடிக்கும்வரை மாமி பொறுமையாகக் காத்திருந்தார்.

"யோகம், நீர் இப்ப திண்டது பண்டி."

பன்றி என்று கேட்டதும் சிநேகிதிகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைச் சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார். அம்மா எழுந்து கழிவறையைத் தேடிப் போனார். கதவில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாமல், சமையல் நடக்கும் குசினிக்குள் போய்விட்டார். மேசையில் சிரிப்பு இன்னும் கூடியது.

அடுத்த மாதம் எங்கள் வழக்கை நிராகரித்தார்கள். மேன்முறையீடு செய்து, மூன்று வருஷம் இழுபட்டு, கடைசியில் வென்றோம் என்றாலும், அந்த மூன்று வருஷமும் அம்மா ஒரே ஒரு வசனத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "என்ரை வாயாலைதான் எல்லாம் போச்சு." உருளைக்கிழங்குப் பொரியலைக்கூட அவர் கடையில் வாங்கித் தின்னவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பர்கர் தின்னும் கடைகளுக்குள் நான் போனால், வெளியே பஸ் தரிப்பிடத்தில் குளிரில் நின்றுகொள்வார்.

மாமிக்கோ அது ஒரு கதையாகிவிட்டது. பிறந்தநாள், சாமத்தியவீடு, குடிபூரல், எங்கே நாலுபேர் கூடினாலும் அம்மாவைக் கையால் காட்டி, "இவதான் பண்டியோட பாறணை முடிச்ச ஆள்" என்று தொடங்குவார். விரதம் முடித்து உண்கிற பாறணை என்ற சொல்லை நான் முதலில் கேட்டதே அந்தக் கதையில்தான். குசினிக்குள் போன பகுதிக்கு வந்ததும் மாமி எழுந்து நடித்தும் காட்டுவார். அம்மா சிரித்துக்கொண்டு இருப்பார். பேஸ்மென்டில் இருந்த காலத்தில் அந்தச் சிரிப்பை நான் விளங்கிக்கொண்டேன். சொந்தமாய் ஒரு அப்பார்ட்மென்டுக்குப் போன பிறகும் அவர் சிரித்தபோதுதான், இதற்குப் பதில் சொல்லவேண்டியவள் நான் என்று முடிவெடுத்தேன்.

அப்பா மூன்றாம் வகுப்பு. அம்மா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்டவள் நான் ஒருத்திதான். எழுதியிருப்பது எதையும், அது எந்த மொழியாக இருந்தாலும், வாசிக்காமல் விடுவதில்லை என்று எனக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. எட்டாம் வகுப்பில் பக்கத்தில் இருந்த வின்னி என்ற ஹொங்கொங் பிள்ளையிடம் சீன எழுத்துப் பழகத் தொடங்கினேன். அவள் முதலில் மனிதன், மலை, தண்ணீர் என்று சொல்லித்தரப் பார்த்தாள். "இறைச்சியிலிருந்து தொடங்கு" என்றேன்.

அந்த வருஷம் மாமாவுக்கு இருதய ஒப்பரேஷன் நடந்தது. அவர் பிழைத்தால் இனி மச்சமே தொடுவதில்லை என்று மாமி நேர்ந்து, அப்படியே சைவமும் ஆனார். ஆன பிறகு சைவத்தைப் பற்றி மற்றவர்களுக்குப் புத்தி சொல்லவும் தொடங்கினார். சீனச் சாப்பாட்டை மட்டும் விட முடியவில்லை. அதே பிளாசாவில் முள்ளங்கியையும் அரிசிமாவையும் அவித்து, துண்டு போட்டுப் பொரித்து, பெட்டியில் விற்பார்கள். மூடியில் ஆங்கிலத்தில் "டேர்னிப் கேக்" என்று இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மாமியின் விரதச் சாப்பாடு அதுதான்.

"பிள்ளை, பள்ளிக்கூடத்தாலை வரேக்கை ரெண்டு பெட்டி வாங்கிக்கொண்டு வா" என்று என்னைத்தான் அனுப்புவார்.

ஒருநாள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ஆங்கிலத்துக்கு மேலே இருந்த ஐந்து எழுத்துகளைப் பார்த்தேன். கடைசி மூன்றும் எனக்குத் தெரியும், முள்ளங்கிக் கேக். முதல் இரண்டும் என்ன என்று வின்னியிடம் கேட்டேன்.

"காயவைத்த பன்றி இறைச்சி. உள்ளே சின்னதாய்ச் சிவப்பாய் இருக்குமே" என்றாள். "இலேசாய் இனிக்கும்."

அந்தச் சிவப்புத் துண்டுகளை மாமி கரட் என்று நம்பியிருந்தார். நான் பஸ்ஸில் ஏறி, இரண்டு பெட்டிகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திருநீறு பூசிக்கொண்டு வந்து, ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினாலு வயது. அதைப்போல ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

ஒன்பது வருஷம் அதை வாய்க்குள் வைத்திருந்தேன். மாமி கதை சொல்லும் ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒரு பெட்டியைத் திறந்துகொள்வேன்.

சென்ற கோடையில் என் பட்டமளிப்புக்காக எங்கள் வீட்டில் ஒரு விருந்து வைத்தோம். அது வெள்ளிக்கிழமையாய் அமைந்தது. எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் மச்சம் பட்டிருக்கும் என்று மாமி தன் பெட்டியைத் தானே கொண்டுவந்தார். முப்பதுபேர் இருந்தோம். பாதிப் பெட்டி முடிந்ததும் அம்மாவைக் கையால் காட்டினார்.

"இண்டைக்கு மகள் பட்டதாரி. தாய் ஆரெண்டு தெரியுமே? பண்டியோட பாறணை..."

"மாமி, உந்தப் பெட்டியைத் தாங்கோ" என்றேன். மூடியைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாய் விரல் வைத்து, சீனத்தில் ஒருதரமும் தமிழில் ஒருதரமும் வாசித்தேன்.

"உனக்கென்ன விசரே? இங்கிலீஷிலை டேர்னிப் எண்டு வடிவாக் கிடக்கு."

"ஓம் மாமி. பண்டி எண்டு சீனத்திலை கிடக்கு."

முதலில் சிரித்தது மாமாதான். பிறகு அறை முழுதும் சிரித்தது. மாமி கழிவறைப் பக்கம் போனார். அவருக்கு வழி தெரிந்திருந்தது. அது மட்டும்தான் எனக்குக் குறையாகப் பட்டது.

எல்லோரும் போன பிறகு, அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, திரும்பாமலே கேட்டார்:

"எப்ப தொடக்கம் உனக்குத் தெரியும்?"

"எட்டாம் வகுப்பு."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நீயும் பாத்துக்கொண்டுதான் இருந்தனீ."

நான் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கமாட்டேன்.

அந்தச் சீனக்கடை இப்போது இல்லை. அந்த மூலையில் போன் விற்கிறார்கள். தள்ளுவண்டிகளும் மூங்கில் தட்டுகளும் போய்விட்டன. மாமியின் கதையும் போய்விட்டது. எந்தப் பிறந்தநாளிலும் அதை யாரும் சொல்வதில்லை. அதை இந்த ஊரிலிருந்து இல்லாமல் செய்தவள் நான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைச் சீனச் சூப்பர்மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போகிறேன். இப்போது அவருக்கு ஆசை வந்திருக்கிறது. ஒவ்வொரு பைக்கெட்டாய் எடுத்து, "வாசி" என்று நீட்டுகிறார். நான் வாசித்து, "மரக்கறிதான் அம்மா" என்கிறேன். அவர் உடனே வண்டிலில் போடுவதில்லை. பைக்கெட்டைக் கையில் வைத்தபடி, என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.