நஞ்சு விழுமுன் அக்காள் அவிழ்த்துவிட்ட கன்று

நஞ்சுக்கொடி விழுவதற்கு முன் கன்று பால் குடித்தால், குடித்த கன்றும் பிழைக்காது, கொடுத்த பசுவும் பிழைக்காது என்று நான் உறுதியாக நம்பினேன். எங்கள் ஆவூர்ப் பக்கத்தில் எல்லோரும் நம்பியதுதான். ஆனால் அதற்காக வேட்டி அவிழ ஓடியவன் நான் ஒருவனே. அக்காளின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை; பாதிப் பேர் அந்த ஓட்டத்தை நேரிலேயே பார்த்தவர்கள்.

எங்கள் வீட்டில் மூத்தவராகப் பிறந்த அக்காள், கறம்பக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். இலங்கைத் தோட்டத்துக்குப் போன அத்தான் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். இரண்டு பிள்ளைகளோடும் நான்கு மாடுகளோடும் அக்காள் பிறந்த ஊருக்குத் திரும்பினார். பால் விற்றால்தான் அடுப்பு எரியும்.

சமஸ்தானம் போய் நாம் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆன வருடம், நல்ல கோடை. மூன்று மாடுகள் பால் வற்றி நின்றன. சினையாயிருந்த மயிலைப் பசு ஒன்றுதான் நம்பிக்கை. அது விடியற்காலையில் கன்று ஈன்றது. வெயில் ஏறியும் நஞ்சு விழவில்லை. வழக்கப்படி கன்றைத் தள்ளிக் கட்டியிருந்தோம். உச்சிவேளையில் மயிலை மடி கனத்துக் கத்தியது. கன்று கத்தவில்லை.

மாடு கன்று விஷயத்தில் ஊருக்கே யோசனை சொல்லும் சித்தப்பா வந்தார். “மூங்கி எலை குடுத்தா விழுந்துரும். ஓடுறா. நீ அதுவரைக்கும் கன்னுக்குப் பால் காட்டிறாத, ஆத்தா.”

மூங்கில் கண்மாய்க்கு அந்தப் பக்கம். போகும்போது, என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அந்தோனியாரிடம் வேண்டிக்கொண்டேன். திரும்பும்போது மூச்சு வாங்கியதில் கன்றின் உயரத்துக்குக் குறைத்துக்கொண்டேன்.

வந்து பார்த்தால், கன்று தாயின் மடிக்கடியில். அதற்கு நிற்கவே தெம்பில்லை. அக்காள் ஒரு கையால் அதன் வயிற்றைத் தாங்கி, மறு கையால் அதன் வாய்க்குள் பீச்சிக்கொண்டிருந்தார். பால் கடைவாயில் வழிந்தது.

“அக்கா, என்ன காரியம் செஞ்சீங்க? ரெண்டும் போயிருமே.”

“பட்டினியா போக வேணாம். தலையத் தூக்கிப் பிடி.”

“ஒண்ணும் ஆகாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. இது தலையத் தொங்கப் போட்டுருச்சு, அதான் தெரியுது.”

நான் தலையைத் தூக்கவில்லை. கன்றைப் பிடித்து இழுத்தேன். மயிலை விட்ட உதையில் கழுநீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தேன்.

“மாட்டுக்கு வச்ச கழுநீருடா அது. நீ ஏன் ஊறுற?” என்றார் உள்ளே வந்த சித்தப்பா. அடுத்த நொடி கன்று இருந்த இடத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “ஏதாச்சும் ஆனா நான் பொறுப்பில்ல ஆத்தா.”

“நீங்க ஏன் பொறுப்பு? மாடு என்னுது.”

சொல்லிக்கொண்டே அக்காள் மறுபடி கன்றின் வாய்க்குள் பீச்சினார்; நான் தொட்டியிலிருந்து எழுந்தேன். பிறகு மூவரும் மயிலையின் பின்பக்கத்தையே பார்த்து நின்றோம்.

அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். ஆகவே சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன்பின் அக்காள் எந்தக் கன்றையும் நஞ்சுக்காகக் காக்க வைத்ததில்லை. பால் வாங்குவோர் எவ்வளவு முணுமுணுத்தாலும், ஒரு காம்பைக் கன்றுக்கென்று விட்டே கறந்தார். இழுப்பு நோயில் கிடந்த கடைசி நாட்களிலும், “கன்ன அவுத்து விட்டீங்களா?” என்றுதான் கேட்டார், மருந்தைக் கேட்கவில்லை. இரவு பகலாகக் கண்விழித்த பக்கத்து வீட்டாருக்கும், மழையில் வண்டி பூட்டி வைத்தியரிடம் கொண்டு சென்றவர்களுக்கும், அடக்கத்தன்று மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட மறக்காதவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அன்று நடந்தது இதுதான். சற்று நேரத்தில் கன்று காம்பைத் தானே பற்றி, மடியை முட்டி முட்டிக் குடிக்கத் தொடங்கியது. அது குடித்துக்கொண்டிருக்கும்போதே நஞ்சு விழுந்தது. பசு பிழைத்தது. கன்றும் பிழைத்தது.